சிறு எந்திரங்களின் பெருங்கூட்டம்: திருவனந்தபுரத்தில் முனைவர் ஆய்வுக்கு ஒரு புதிய வாயில்

2024 ஜூலை 13 அன்று, திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்றும் பணியில் இருந்த தொழிலாளி ஒருவர், மழையால் பெருகிய நீரில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புத் துறையினரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் முக்குளிப்போரும் இரவு பகலாகத் தேடினர். கேமரா பொருத்திய ரோபோக்களும் இறக்கப்பட்டன. தண்டவாளங்களுக்கு அடியிலுள்ள இருண்ட சுரங்கப் பகுதியில் குப்பை மலையாய்ச் சேர்ந்திருந்தது; மனிதர் நுழைவது அரிதாயிற்று. மூன்றாம் நாள் காலை, கால்வாயின் கீழ்ப்பகுதியில் வேறோர் இடத்தில் அவருடைய உடல் கிடைத்தது.

இத்தகைய இடத்தில் ஒரு பெரிய எந்திரத்தை இறக்கினால், அது சிக்கிக்கொண்ட கணமே தேடல் நின்றுவிடும். உள்ளங்கையளவான நூறு எந்திரங்களை இறக்கினால் என்ன? இருபது சிக்கினாலும் எண்பது மிஞ்சும். ஒன்று கண்டதை மற்றொன்றுக்குச் சொல்லி, வழியை ஒன்றுக்கொன்று கைமாற்றி, வெளியே நிற்பவருக்குச் செய்தி கொண்டுவரும். இன்று அப்படியொரு கருவித்தொகுதி எந்த ஊரின் தீயணைப்பு நிலையத்திலும் இல்லை. அதை உண்டாக்கும் அறிவுத்துறைக்குத் திரள் ரோபோவியல் என்று பெயர். அந்தச் சிறு எந்திரம் ஒவ்வொன்றினுள்ளும், இணையத்தின் உதவியோ பெரிய கணினியின் உதவியோ இன்றித் தானே முடிவெடுக்கும் ஆற்றலை வைப்பது உட்பொதி நுண்ணறிவு. இவ்விரண்டும் கூடுமிடத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்பும் இளைஞர்களுக்குத் திருவனந்தபுரம் ஏன் ஏற்ற ஊராக இருக்கக்கூடும் என்பதையும், ஒரு நடுத்தரக் குடும்பம் அதன் வரவு செலவை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

எறும்பிடமிருந்து எந்திரத்துக்கு

சமையலறையில் சர்க்கரைத் துகள் ஒன்று சிந்தினால் சிறிது நேரத்தில் எறும்புகள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. அந்த வரிசைக்குத் தலைவன் கிடையாது. ராணி எறும்பு புற்றுக்குள் முட்டையிடுவதோடு சரி. ஆணை எதையும் பிறப்பிப்பதில்லை. ஒவ்வோர் எறும்பும் நடந்த தடத்தில் ஒரு வாசனையை விட்டுச் செல்கிறது. பின்வரும் எறும்பு வாசனை மிகுந்த தடத்தைத் தேர்கிறது. இவ்வாறு செய்த வேலையின் அடையாளமே அடுத்த வேலைக்குத் தூண்டுகோலாவதை, கறையான்களை ஆராய்ந்த பிரெஞ்சு உயிரியலாளர் பியர்-பால் கிராஸே 1959-இல் விளக்கினார். 1992-இல் இத்தாலியின் மிலான் நகரில் மார்க்கோ டோரிகோ தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், எறும்புகளின் இந்த முறையையே கணினிக்குரிய வழிமுறையாக வடித்தார். இன்றைய திரள் ஆய்வின் வேர்களுள் ஒன்று ஒரு மாணவரின் ஆய்வேடு என்பதை, ஆய்வுக்குப் போகலாமா என்று தயங்கி நிற்கும் மாணவர்கள் குறித்துக்கொள்வது நல்லது.

இதை எந்திரங்களில் பெரிய அளவில் நிறைவேற்றிக் காட்டியது 2014-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு. அக்குழுவுக்குத் தலைமை வகித்த பேராசிரியர் ராதிகா நாக்பால், அமிர்தசரசில் வளர்ந்தவர். அவரும் மைக்கேல் ரூபன்ஸ்டைன், அலெஹாந்திரோ கோர்னெஹோ ஆகியோரும் சேர்ந்து 1,024 கிலோபாட்களைக் கொண்டு, விண்மீன் வடிவையும் ஆங்கில எழுத்தான 'கே' வடிவையும் அமைக்கச் செய்தனர். ஒவ்வொரு கிலோபாட்டும் 33 மில்லிமீட்டர் அகலமே உடையது. சக்கரம் கிடையாது, மூன்று மெல்லிய கம்பிக் கால்களும் கைப்பேசியில் அதிர்வு உண்டாக்குவதைப் போன்ற இரு சிறு மோட்டார்களும் மட்டுமே. உதிரிபாகங்களின் விலை ஏறத்தாழ 14 டாலர். அதற்குள் இருக்கும் சில்லு, நம் பள்ளி மாணவர்கள் அறிவியல் கண்காட்சிக்குப் பயன்படுத்தும் ஆர்டுயினோ யூனோ பலகையில் இருக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தற்காலிக நினைவகம் 2 கிலோபைட். கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் இதைப்போல் ஆயிரம் மடங்குக்குமேல் இடம் பிடிக்கும்.

அந்த எந்திரத்துக்குத் தான் மேசையின் எந்த மூலையில் இருக்கிறோம் என்பது தெரியாது. மேலிருந்து பார்த்துச் சொல்ல யாருமில்லை. சில சென்டிமீட்டர் தொலைவிலுள்ள அண்டை எந்திரங்களோடு அகச்சிவப்பு ஒளியால் பேசத் தெரியும், அவ்வளவே. நான்கு எந்திரங்களைத் தொடக்கப் புள்ளியாக நிறுத்தினால், மற்றவை கூட்டத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து வந்து, தமக்குரிய இடத்தில் நின்றன. ஒரு வடிவம் முழுமை பெற ஏறத்தாழ 12 மணி நேரம் பிடித்தது. மெதுவாக நகரும் ஒரு பழுதுற்ற எந்திரம், கடைத்தெருவில் நின்றுபோன லாரியைப் போலப் பின்னால் வருவோரையெல்லாம் தடுத்தது. அத்தகைய பழுதுகளைக் கூட்டமே கண்டறிந்து சமாளிக்கும் வழியையும் ஆய்வாளர்கள் சேர்த்தே வகுக்க வேண்டியிருந்தது. உண்மையான ஆய்வு அங்கேதான் இருந்தது என்பது நம் கருத்து. ஆயிரம் எந்திரம் செய்வதற்குப் பணம் போதும். அவற்றுள் ஐம்பது கெட்டுப்போனாலும் வேலை நடப்பதற்குச் சிந்தனை வேண்டும்.

இந்த இடத்தில் பலருக்கு ஓர் ஐயம் எழலாம். 2022 ஜனவரி 29 அன்று புதுதில்லியில் நடந்த படைகள் பாசறை திரும்பும் விழாவில், தில்லி ஐ.ஐ.டி.யில் உருவான பாட்லேப் டைனமிக்ஸ் நிறுவனம் 1,000 டிரோன்களை வானில் பறக்கவிட்டதே, அதுவும் திரள் ரோபோவியல் தானா? பார்வைக்கு அப்படித் தோன்றினாலும், அத்தகைய ஒளிக்காட்சிகளில் ஒவ்வொரு டிரோனும் பறக்க வேண்டிய பாதை முன்கூட்டியே கணக்கிடப்பட்டுத் தரையிலிருந்து அளிக்கப்படுகிறது. அது நன்கு பயின்ற அணிவகுப்பு. எறும்புக்கூட்டத்தில் அணிவகுப்புத் தலைவர் இல்லை. முனைவர் ஆய்வுக்கு வரும் மாணவர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் கேட்கப்படத் தக்க கேள்வி இது.

மின்மினிகள் தந்த ஆய்வேடு

நம் நாட்டிலேயே இத்துறையில் எழுந்த ஒரு முனைவர் ஆய்வைச் சற்று விரிவாகக் காண்போம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் விண்வெளிப் பொறியியல் துறையில் பேராசிரியர் தேபசிஷ் கோஷின் நெறியாள்கையில் ஆய்வு செய்த கே.என்.கிருஷ்ணானந்த், 2005-ஆம் ஆண்டளவில் மின்மினித் திரள் வழிமுறை என்னும் ஒன்றை உருவாக்கினார்.

அதன் உள்ளடக்கத்தை எளிதாகச் சொல்லலாம். ஓர் ஆலையில் மூன்று இடங்களில் வாயு கசிகிறது என்று கொள்வோம். எங்கெங்கே என்பது தெரியாது. சிறு எந்திரங்களைப் பரவலாக விடுகிறோம். ஒவ்வோர் எந்திரமும் தான் நிற்கும் இடத்தில் வாயுவின் செறிவை அளந்து, அதற்கேற்பத் தன் 'ஒளியை' கூட்டிக்கொள்கிறது. செறிவு குறைந்த இடத்தில் ஒளி மங்கும். பின்னர், தன் பார்வை எல்லைக்குள் தன்னைவிட ஒளி மிகுந்த அண்டை எந்திரங்களில் ஒன்றைத் தேர்ந்து அதை நோக்கி ஓரடி நகர்கிறது. இதுவரை எறும்பின் கதையோடு பெரிய வேற்றுமை இல்லை. கிருஷ்ணானந்தின் நுட்பம் அந்தப் பார்வை எல்லையில் இருக்கிறது. அண்டையில் கூட்டம் மிகுந்தால் எந்திரம் தன் பார்வையைச் சுருக்கிக்கொள்கிறது. கூட்டம் குறைந்தால் விரித்துக்கொள்கிறது. ஆகவே எல்லா எந்திரங்களும் மிகப்பெரிய கசிவை நோக்கியே ஓடிக் குவிவதில்லை. கூட்டம் தானாகவே சிறு குழுக்களாகப் பிரிந்து, மூன்று கசிவுகளையும் தனித்தனியே சூழ்ந்துகொள்கிறது. கின்பாட் எனப் பெயரிட்ட சக்கர எந்திரங்கள் சிலவற்றைத் தாமே அமைத்து, இதைச் சோதித்தும் காட்டினர். இந்த வழிமுறையை உலகின் பல பகுதிகளிலுள்ள ஆய்வாளர்கள் எடுத்தாண்டு வருகின்றனர். இருவரும் இதைப்பற்றி எழுதிய நூல் 2017-இல் ஸ்பிரிங்கர் வெளியீடாக வந்தது.

இதில் கவனிக்கத் தக்கது செலவு. துகள் முடுக்கியோ மிகையழுத்தக் காற்றுச்சுரங்கமோ தேவைப்படவில்லை. மேசைமேல் ஓடும் சில சக்கர வண்டிகளும் ஒரு நல்ல கேள்வியும் போதுமாயிருந்தன. பொருள்வளம் குறைந்த ஆய்வகமும் உலகத் தரத்தில் பங்களிக்கக்கூடிய துறைகள் இன்று அருகி வருகின்றன. எஞ்சியவற்றுள் இது ஒன்று.

திருவனந்தபுரம் எதற்காக?

நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து அரைநாள் பயணத்துக்கும் குறைவு. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் திருவிதாங்கூரோடு இணைந்திருந்தமையால், சாலைக் கடைத்தெருவில் இன்றும் தமிழ் கேட்கிறது. ஆய்வு ஆங்கிலத்தில் நடைபெறுவதால் மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாதது தடையாகாது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் தம் பணிவாழ்வின் நீண்ட பகுதியை இவ்வூரில்தான் கழித்தார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தபின், இவ்வூர் விண்வெளித் துறையின் தொட்டிலாயிற்று.

அந்தத் தொட்டிலில் வளர்ந்ததுதான் நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கழகம். 2007-இல் தொடங்கப்பட்டு, விண்வெளித் துறையின்கீழ் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்கும் இக்கழகத்தின் வேந்தராகக் கலாம் பொறுப்பு வகித்ததுண்டு. இங்குள்ள ஏவியானிக்ஸ் துறையில் கட்டுப்பாட்டியல், குறிப்பலைச் செயலாக்கம், நுண்மின்னணுவியல் ஆகிய பிரிவுகள் உள்ளன. திரள் ரோபோவியலுக்குத் தேவையான கணிதமும் மின்னணுவும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. இக்கழகம் அமெரிக்கா, சிங்கப்பூர், தைவான் நாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து உருவாக்கிய இன்ஸ்பயர்சாட்-1 என்னும் சிறு செயற்கைக்கோள் 2022 பிப்ரவரி 14 அன்று பி.எஸ்.எல்.வி.-சி52 ராக்கெட்டில் விண்ணுக்குச் சென்றது.

விண்வெளிக்கும் திரளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட ஸ்பேடெக்ஸ் திட்டத்தில், தலா 220 கிலோ எடையுள்ள இரு செயற்கைக்கோள்கள் 2025 ஜனவரி 16 அன்று விண்ணிலேயே ஒன்றோடொன்று இணைந்தன. இதைச் சாதித்த நான்காவது நாடு இந்தியா. அதே ராக்கெட்டின் நான்காம் அடுக்கில், திருவனந்தபுரத்திலுள்ள இஸ்ரோ நிலைமச் சாதனப் பிரிவு உருவாக்கிய நடக்கும் ரோபோ கையும், விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய குப்பை பற்றும் ரோபோ கையும் பயணித்தன. ஏழு மூட்டுகளை உடைய அந்த நடக்கும் கை, புழு உடலை வளைத்து நகர்வதைப்போல ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தானே பெயர்ந்து செல்ல வல்லது. இரண்டு கலங்கள் தமக்குள் பேசிக்கொண்டு இணைவது இன்றைய நிலை. இருபது கலங்கள் தரையின் கட்டளைக்குக் காத்திராமல் கூடிப் பணிபுரிய வேண்டுமானால் என்ன செய்வது? திரள் ஆய்வின் கேள்வியே அதுதான்.

சில்லுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். உயர் கணினி வளர்ச்சி மையமான சி-டாக்கின் திருவனந்தபுரம் பிரிவு, 'வேகா' என்ற பெயரில் உள்நாட்டுச் செயலி வரிசையை வடிவமைத்துள்ளது. அவ்வரிசையில் வந்த தேஜஸ்32 என்னும் 32 பிட் சில்லைக் கொண்டு 'ஏரீஸ்' என்னும் பயிற்சிப் பலகைகளும் செய்யப்பட்டுள்ளன. மங்கலபுரத்தை அடுத்த டெக்னோசிட்டியில் கேரள எண்மப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 2000-இல் தொடங்கிய ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் 2020-இல் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டதன் விளைவு இது. 2024-இல் இப்பல்கலைக்கழகம் 'கைரளி' என்னும் செயற்கை நுண்ணறிவுச் சில்லை அறிவித்தது. குறைந்த மின்சாரத்தில், எந்திரத்தினுள்ளேயே சிந்திக்கும் சில்லு என்பதுதான் உட்பொதி நுண்ணறிவின் உயிர்நாடி. மின்கலத்தில் ஓடும் சிறு ரோபோ, ஒவ்வொரு முடிவுக்கும் இணையத்தைத் தேடிக்கொண்டிருந்தால் சுரங்கத்துக்குள் போனதும் குருடாகிவிடும்.

தெருவின் கேள்விகளைக் கையில் எடுத்த இளைஞர்களும் இவ்வூரில் உள்ளனர். சாக்கடை ஆள்நுழைக் குழிகளில் மனிதரை இறக்கும் கொடுமைக்கு மாற்றாக ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய பேண்டிகூட் ரோபோ, 2018-இல் திருவனந்தபுரத்தில் பணியைத் தொடங்கியது. கும்பகோணம், கோயம்புத்தூர் முதலான தமிழக நகரங்களுக்கும் வந்தது. பேண்டிகூட் என்றால் நம் பெருச்சாளிதான். ஆமயிழஞ்சான் தேடலில் இறங்கியவையும் இந்நிறுவனத்தின் எந்திரங்களே. அது திரள் ரோபோ அன்று. குழிக்கு ஒன்றாக நின்று வேலை செய்வது. எனினும் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

விதுராவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆய்வுக் கழகத்தில் தேனீக்களின் நடத்தையை ஆராயும் குழு ஒன்றும் இருக்கிறது. பொறியியல் மாணவர் உயிரியல் ஆய்வகத்தின் கதவைத் தட்டத் தயங்கலாகாது. கிராஸே கறையான் புற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இத்துறைக்கு அடித்தளம் கிடைத்தது.

இவை தவிர, 2014-இல் நிறுவப்பட்ட ஏ.பி.ஜே.அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், அதனோடு இணைந்த, 1939-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியும் முனைவர் ஆய்வுக்கு இடமளிக்கின்றன.

விதிகள் மாறியுள்ளன

பெற்றோர் பலர் தம் காலத்து விதிகளையே மனத்தில் கொண்டு பேசுவதைக் காண்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, எம்.ஃபில். பட்டம் இனிக் கிடையாது. முனைவர் ஆய்வின் குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டு. பதிவு செய்த நாளிலிருந்து 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். மறுபதிவின்மூலம் மேலும் 2 ஆண்டு பெறலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் இதன்மேல் இன்னும் 2 ஆண்டு சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண் ஆய்வாளர்கள் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். மகளின் திருமணத்தையும் ஆய்வையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திப் பேசும் குடும்பங்கள் இவ்விதியை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர், முதுநிலைப் பட்டம் இன்றியே விண்ணப்பிக்கவும் இவ்வொழுங்குமுறை இடம் தருகிறது. பணியில் இருந்துகொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்ய, வேலை தருபவரின் தடையின்மைச் சான்று தேவை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் இதைவிடக் கடுமையான தகுதியை விதிக்கலாம். பொறியியல் துறைகளில் கேட் மதிப்பெண்ணோ முதுநிலைப் பட்டமோ கேட்பது வழக்கம்.

மற்றொரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. ஆகவே 'இந்த நிறுவனத்தில் இடம் உண்டா' என்பது பாதிக் கேள்வி. நாம் ஆராய விரும்பும் பொருளை அறிந்த நெறியாளரிடம் இவ்வாண்டு இடம் உண்டா என்பதுதான் முழுக் கேள்வி.

வரவும் செலவும்

இனி நம் வாசகர்கள் எதிர்பார்க்கும் கணக்குக்கு வருவோம். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் ஆணைப்படி, இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் ரூ.37,000, முதுநிலை ஆய்வு உதவித்தொகை ரூ.42,000. முதல் இரண்டாண்டு இளநிலையிலும், மதிப்பீட்டுக்குப்பின் அடுத்த மூன்றாண்டு முதுநிலையிலும் பெறும் ஒருவருக்கு, ரூ.8,88,000-மும் ரூ.15,12,000-மும் சேர்ந்து ஐந்தாண்டில் ரூ.24 லட்சம் கிடைக்கும். விடுதி வசதி பெறாதோருக்கு விதிப்படி வீட்டு வாடகைப்படி தனி. ஐ.ஐ.டி.கள், இந்திய அறிவியல் கழகம் முதலியவற்றில் வழங்கப்படும் பிரதமரின் ஆய்வு உதவித்தொகை இதனினும் பெரிது: முதல் இரண்டாண்டு மாதம் ரூ.70,000, மூன்றாம் ஆண்டு ரூ.75,000, அடுத்த இரண்டாண்டு ரூ.80,000. ஆண்டுக்கு ரூ.2 லட்சம் ஆய்வுச் செலவுக்கும் உண்டு. அதற்கான போட்டியும் அதற்கேற்பக் கடுமையானது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் தொகை இவற்றைவிடக் குறைவாக இருக்கலாம்; சேருமுன் எழுத்துவடிவில் கேட்டறிவது நலம்.

எனவே, நல்ல மதிப்பெண்ணுடன் தேர்வெழுதி உதவித்தொகை பெறும் மாணவர், உள்நாட்டில் முனைவர் ஆய்வுக்குக் கடன் வாங்க வேண்டிய தேவை எழுவதில்லை. வங்கி இதழில் இப்படி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் சொல்கிறோம்: பொறியியல் துறையில் உதவித்தொகை இன்றிப் பல லட்சம் கட்டணம் கட்டி வெளிநாட்டில் முனைவர் ஆய்வுக்குச் செல்லுமுன் இருமுறை எண்ண வேண்டும். வெளிநாட்டின் நல்ல ஆய்வகங்களிலும் திறமையுள்ள மாணவருக்குக் கட்டண விலக்கும் ஊதியமும் அளிப்பதே இத்துறையில் பெருவழக்கு.

உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. ஐந்தாண்டில் ஒரு மென்பொருள் பணியாளர் பெறும் ஊதிய உயர்வும், அதனால் வரும் சேமிப்பும், ஆய்வு மாணவருக்குக் கிட்டாது. குடும்பத்தில் மூத்தவரின் வருவாயை நம்பித் தம்பி தங்கையர் படிப்பு இருக்குமானால் இது சிறிய இழப்பன்று. மேலும் உதவித்தொகை மாதந்தோறும் தவறாது வரும் என்று உறுதி கூறுவதற்கில்லை. சில மாதம் தாமதமாகி மொத்தமாக வருவதுண்டு. ஆகவே சேர்ந்த முதலாண்டிலேயே ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தொடர்வைப்பாகச் சேர்த்து வைத்தல் வேண்டும். உதவித்தொகையை நம்பி வண்டிக் கடனும் கைப்பேசித் தவணையும் ஏற்றுக்கொள்வதைத் தவிர்க்கலாம்.

இளநிலைப் படிப்புக்கே கல்விக் கடன் பெற்றிருப்போர் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். படிப்பு முடிந்து, வழக்கமாக ஓராண்டு கழித்து, அக்கடனின் தவணை தொடங்கிவிடும். முனைவர் ஆய்வில் சேர்ந்த காரணத்தால் அது தானாகவே தள்ளிப்போகாது. சேர்க்கை ஆணை கையில் கிடைத்தவுடன் கிளை மேலாளரைக் கண்டு, திருப்பிச் செலுத்தும் காலத்தை மாற்றியமைக்க இடமுண்டா என்று எழுத்துமூலம் கேட்க வேண்டும். தவணை தவறியபின் வந்து விளக்குவதைவிட இது எளிது. கடன் மதிப்பெண் ஒருமுறை சரிந்தால் மீள நெடுநாள் ஆகும்.

பட்டத்துக்குப்பின் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023 ஜூலை முதல் மானியக் குழு அறிவித்துவிட்டது. எனவே ஆசிரியப்பணிக்கான நுழைவுச் சீட்டாக மட்டும் இதைக் கருதுவோர் ஏமாற நேரலாம். இத்துறையில் பட்டம் பெற்றவரை நாடுவோர் பாதுகாப்பு, விண்வெளி, வேளாண் டிரோன், கிடங்கு ரோபோ ஆகிய துறைகளில் உள்ளனர். 2021 ஜனவரி 15 படைநாளன்று இந்திய ராணுவம் தில்லியில் 75 டிரோன்களின் திரளை இயக்கிக் காட்டியதிலிருந்து இந்நாட்டம் தெளிவாயிற்று. தாம் வளர்க்கும் அறிவு போர்க்கருவியாகவும் ஆகலாம் என்ற எண்ணம் சில மாணவரை உறுத்தும். அத்தகையோர் தொடக்கத்திலேயே நெறியாளரிடம் ஆய்வுநிதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிடலாம். அது முறையற்ற கேள்வியன்று.

விண்ணப்பிக்குமுன்

வலியமலைக் கழகம் வழக்கமாக ஜனவரி, ஜூலை ஆகிய இரு பருவங்களிலும் ஆய்வு மாணவரைச் சேர்க்கிறது. பிற நிறுவனங்களின் அறிவிப்புகளை அவற்றின் அதிகாரபூர்வத் தளங்களில் மட்டுமே பார்க்க வேண்டும். சேர்க்கை வாங்கித் தருவதாகவும் ஆய்வேடு எழுதித் தருவதாகவும் பணம் கேட்போருக்கு ஒரு ரூபாயும் அனுப்பலாகாது. எழுத்துத் திருட்டு கண்டறியும் சோதனைக்குப் பின்னரே இன்று ஆய்வேடு ஏற்கப்படுகிறது. பிறர் எழுதியது பிடிபட்டால் பட்டமும் பணமும் சேர்ந்தே போகும்.

நெறியாளரைத் தேர்வதற்கு அவர் அண்மையில் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளையேனும் படித்துவிட்டு, அவற்றில் புரியாத ஓரிடத்தைச் சுட்டி ஒரு பக்க மடல் எழுதுவது சிறந்த வழி. 'ஐயா, தங்கள் வழிகாட்டுதலில் ஆய்வு செய்ய ஆவலாக உள்ளேன்' என்று நூறு பேருக்கு ஒரே மடலை அனுப்பினால் பதில் வராது. அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர் ஒருவரைச் சந்தித்து, முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், ஆய்வகத்தில் எந்திரம் கெட்டால் உதிரிபாகம் எத்தனை நாளில் வருகிறது என்று விசாரிக்கலாம். இரண்டாவது கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் திரள் ரோபோவியலில் பல மாதங்கள் அதிலேயே கழியும்.

எதை ஆராய்வது என்பதில் கணினித் திரையோடு நின்றுவிடாதிருப்பது நன்று. கணினி மாதிரியில் ஆயிரம் எந்திரம் பிழையின்றி ஓடும். தரையில் விட்டால் பத்து எந்திரமும் மண்ணில் புதையும். இவ்விடைவெளியைக் குறைப்பது இன்னும் தீராத சிக்கல். கூட்டத்தில் ஒன்று பொய்ச் செய்தி பரப்பினால் மற்றவை எப்படிக் கண்டுகொள்ளும், தலைவன் இல்லாத ஒரு கூட்டம் பிழை செய்யாது என்று முன்கூட்டியே எப்படி நிறுவுவது என்பனவும் அவ்வாறே திறந்து கிடக்கின்றன. ஓக்கிப் புயல் வீசிய 2017 நவம்பர் இறுதியில் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் கரை திரும்பவில்லை. பரந்த கடலில் சிறு மிதவை எந்திரங்கள் தமக்குள் பேசிக்கொண்டு தேட முடியுமா என்று ஒரு மாணவர் கேட்டால், அந்தக் கேள்வியைச் சோதிக்கும் கடலும், சில்லு செய்யும் ஆய்வகமும், கட்டுப்பாட்டியல் கற்பிக்கும் துறையும் ஒரே ஊரில் இருக்கின்றன. காலையில் நாகர்கோவிலில் ரயில் ஏறினால் நெறியாளரைக் கண்டு பேசிவிட்டு மாலையில் வீடு திரும்பலாம்; விண்ணப்பத்தை நிரப்புமுன் பெற்றோரும் ஒருமுறை உடன் சென்று வரலாம்.